‘சிஸ்டர், இட்லி இறங்க மாட்டேங்குது’

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையில் டாக்டரின் கருவிகள் நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணிதான். லேப்ராஸ்கோப்பி என்பதால் நாலைந்து சிறு துளைகளோடு வேலை முடிந்துவிடும். ‘ஸ்லீவ்’ முறை என்றால் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் போல ஒடுங்கி நிற்கும். ‘பைபாஸ்’ என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இரண்டு மூன்று நாளில் டிஸ்சார்ஜ்.

நீண்ட வேலை அதற்குப் பிறகுதான். முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைந்தது, இரண்டு மாதம் போல ஆனதும் வழக்கமான சாப்பாடு, அதுவும் கையளவு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். ஆனாலும் நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது மடக்கு மடக்காக உள்ளே போயாக வேண்டும். புரதம் குறைந்தது 60 கிராம். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 எல்லாம் ஆயுள் முழுக்க. இவ்வளவையும் டிஸ்சார்ஜ் அன்று டயட்டீஷியன் சொல்லி முடித்து, அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுப்பார். வலியும் களைப்புமாக, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று உட்கார்ந்திருக்கும் ஒருவர் மனதில் அதில் எவ்வளவு தங்கும்?

அந்த வீடு கொள்ளேகாலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பட்டுக்குப் பேர்போன ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிவரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூருக்குப் போனது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சில தெருக்களில் உருது என்று இன்றும் பேச்சு கலந்தேதான் நடக்கிறது. மருத்துவத்துக்கான வழிகளும் அப்படித்தான் பிரிகின்றன. மைசூரு சுமார் 60 கிலோமீட்டர், டி. நரசிபுரா வழியாக. பெங்களூரு கனகபுரா வழியாக அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். உறவுக்காரர்கள் கோயம்புத்தூரில் இருந்தால் சாமராஜநகர் தாண்டி, திம்பம் மலைப்பாதை இறங்கி, சத்தியமங்கலம் வழியாகப் போக வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தப் பாதையில் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

எந்தத் திசையில் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் திரும்பி வருகிற இடத்தில் அந்தச் சிகிச்சையை அன்றாடம் கண்ட ஆட்கள் குறைவு. பக்கத்து கிளினிக் டாக்டருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அத்துப்படியாக இருக்கும். ஸ்லீவ் செய்தவருக்கு மூன்றாம் வாரம் என்ன தரலாம் என்பது அவர் தினமும் பார்க்கும் விஷயம் இல்லை. சிறிய சந்தேகம் ஒவ்வொன்றுக்கும் மைசூருக்குப் பஸ் ஏறவும் முடியாது. இடையில் இருப்பது கையிலுள்ள போன்தான். அந்த போனில் வரும் செய்தியால் இவருக்கு உண்மையில் ஏதாவது பயன் இருக்கிறதா?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முன்னோடி உண்டு, அறுவை சிகிச்சையில் இல்லாவிட்டாலும் அதற்கு மிக அருகில். சென்னையின் நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் சர்க்கரை நோயின் வாசல்படி நிலை. எல்லாருக்கும் உணவு, நடைப்பயிற்சி பற்றிய ஆலோசனை ஒருமுறை கிடைத்தது. பாதிப் பேருக்கு அதோடு நின்றது. மறுபாதிக்கு இரண்டு ஆண்டுகள் குறுஞ்செய்தி தொடர்ந்து போனது. 2013-இல் வெளியான முடிவின்படி, செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம். ஒரு மாத்திரைகூடத் தராமல், போனில் போன நாலு வரியால் வந்த வித்தியாசம் இது.

இதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் செய்தி அனுப்பிவிட்டால் போதும் என்று ஒரு மருத்துவமனை முடிவுசெய்தால் அது ஏமாறும். தென்னிந்தியாவிலேயே நடந்த இன்னொரு ஆய்வு அதைக் காட்டுகிறது. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய 631 பேரில் ஒரு பகுதியினருக்கு 96 வாரங்கள், வாரம் ஒருமுறை தானியங்கிக் குரல் அழைப்பு போனது. மாத்திரை போட்டீர்களா என்று இயந்திரம் கேட்கும். பட்டனை அழுத்திப் பதில் சொல்லலாம். கூடவே ஒரு படச் செய்தி. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவு: அழைப்பு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சிகிச்சைப் பலனில் வித்தியாசம் இல்லை.

அதே நோய்க்கு, அதே போனை வைத்து, கென்யாவில் வேறு முடிவு வந்தது. 2010-இல் லான்செட்டில் வெளியான ‘வெல்டெல்’ ஆய்வில் 538 பேர். செவிலியர் வாரம் ஒருமுறை சுவாஹிலியில் ஒரே சொல் அனுப்புவார்: ‘மாம்போ?’ எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். நோயாளி 48 மணி நேரத்துக்குள் ‘சாவா’, அதாவது நல்லா இருக்கேன், என்று எழுதலாம். அல்லது ‘ஷிடா’, பிரச்சினை, என்று எழுதலாம். ஷிடா என்று வந்தால் செவிலியர் போன் செய்வார். பதிலே வராவிட்டாலும் போன் செய்வார். மருந்தை ஒழுங்காக எடுத்தவர்கள் செய்தி பெற்ற குழுவில் 62 சதவீதம், மற்றதில் 50. அந்தச் செய்தியில் மாத்திரை என்ற பேச்சே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இரண்டு நாட்டுச் சூழலும் வேறு. இந்திய மையங்களில் ஏற்கெனவே ஆலோசனை நன்றாக நடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். இருந்தாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: இயந்திரம் நினைவூட்டுவதும், பேர் தெரிந்த ஒரு சிஸ்டர் நலம் விசாரித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் ஒன்றாகாது. எடைக் குறைப்பு சிகிச்சையிலேயே நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குறுஞ்செய்தியைச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவைக்கு முன் செய்தி பெற்றவர்கள் கூடுதலாக உடற்பயிற்சி செய்தார்கள். அறுவைக்குப் பிறகு அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. உற்சாகப்படுத்தும் வாசகம் கொஞ்ச தூரம்தான் தள்ளிவிடும்.

நம் நாட்டில் மருத்துவமனைகள் அனுப்பும் எஸ்.எம்.எஸ். எப்படி வருகிறது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் புரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாகச் செய்தி அனுப்பும் நிறுவனம் தன் பெயரையும் ஒவ்வொரு செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். மோசடிச் செய்திகளைத் தடுக்க அது தேவையான ஏற்பாடு. ஆனால் அப்படி வரும் செய்தியின் தலையில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகள் இருக்கும். அதற்குப் பதில் அனுப்ப முடியாது. நோயாளி ‘சிஸ்டர், இட்லி இறங்க மாட்டேங்குது’ என்று தட்டினால் அது யாரிடமும் போய்ச் சேராது.

மொழியும் இடிக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து இடம். தமிழிலோ கன்னடத்திலோ 70-தான். அதிலும் புள்ளியும் கொம்பும் கால்களும் தனித்தனியாக எண்ணப்படும். ‘தண்ணீர்’ என்று எழுதினால் நமக்கு நாலு எழுத்து, கணக்கில் ஏழு. இரண்டு வாக்கியம் தாண்டினால் இரண்டு மூன்று செய்திக்கான செலவு ஆகிவிடும். தாய்மொழியில் எழுதத்தான் அதிகச் செலவு என்பதால் பல இடங்களில் ஆங்கிலத்தில் போய்விடுகிறது. கொள்ளேகாலில் தமிழோ கன்னடமோ படிக்கும் ஒரு அம்மாவுக்கு அது எதற்கு? அதனால் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறுவது இயல்பு. அங்கே எழுத்துக் கணக்கு இல்லை, குரலிலும் சொல்லலாம், போட்டோவும் போகும். மிக முக்கியமாக, பதில் எழுதலாம்.

இனி செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பது. இங்கேதான் அச்சடித்த தாள் மிக மோசமாகத் தோற்கிறது.

ராகி முத்தேயை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளேகால் பக்கம் உழைக்கும் வீடுகளில் அதுதான் சாப்பாடு. தமிழில் களி உருண்டை. அதைச் சாப்பிடும் முறையே தனி. விரலால் கிள்ளி, சாற்றில் புரட்டி, நாக்கில் வைத்து அப்படியே விழுங்க வேண்டும். முத்தேயை மெல்லக் கூடாது என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள். இப்போது டயட் தாள் என்ன சொல்கிறது? ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்கு என்கிறது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் ஒரு பக்கம், ஒடுங்கிய இரைப்பை ஒரு பக்கம். பிசுபிசுவென்று ஒட்டும் அந்த உருண்டை நெஞ்சுக்குழியில் அடைத்து நின்றால் வலி, எச்சில் ஊறல், வாந்தி. வீட்டில் எல்லாரும் பயந்துபோய், ஆபரேஷன் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

தாளில் ராகி என்று இருந்தால்கூட அது கஞ்சியா முத்தேயா என்று இருக்காது. ராகிக் கஞ்சி நல்லதுதான், உரிய கட்டத்தில். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் புரதம் ஏழு கிராம்தான். ராகி சத்தானது என்ற நம்பிக்கையில் மூன்று வேளையும் கஞ்சியே குடித்தால் 60 கிராம் புரதத்துக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. புரதம் குறைந்தால் தசை கரையும், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது இன்னும் அதிகமாகும். முட்டையில் ஆறு கிராம். முட்டை சாப்பிடாத லிங்காயத்து வீடு என்றால் கட்டித் தயிர், பனீர், கெட்டிப் பருப்பு, தேவைப்பட்டால் புரதப் பவுடர் என்று வேறு வழி பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒரே தாளில் யாரும் எழுத முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டால் கிடைத்துவிடும்:

“அம்மா, இன்னைக்கு மத்தியானம் தட்டுல என்ன வெச்சீங்க? சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்புங்க.”

“சிஸ்டர், முத்தே கொஞ்சம்தான், பஸ்ஸாரு ஊத்தி. ரெண்டு வாய்லயே நெஞ்சு அடைக்குது.”

“முத்தே இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம்மா. சாறு வடிச்ச பருப்பை மசிச்சு நாலு ஸ்பூன் சாப்பிடுங்க. தண்ணி அரை மணி கழிச்சு. சாயங்காலம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

இப்படியொரு உரையாடல் நடந்தால் ஒரு வாந்தி தவிர்க்கப்படும், ஒரு மைசூர்ப் பயணம் மிச்சமாகும். பஸ்ஸாரு என்றால் பருப்பும் கீரையும் வேகவைத்த நீரை இறுத்து வைக்கும் சாறு என்பது தெரிந்த டயட்டீஷியன்தான் அந்தப் பருப்பை என்ன செய்தீர்கள் என்று கேட்பார். புரதம் அதில்தானே இருக்கிறது.

செய்தி அனுப்புகிறவர் கையில் ஊரின் காலண்டரும் இருக்க வேண்டும். உகாதிக்கு ஒப்பட்டு, அதாவது போளி, வரும். பைபாஸ் செய்தவர் இனிப்பை நிறையச் சாப்பிட்டால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம், ‘டம்பிங்’ என்பார்கள். அறியாதவர் கண் திருஷ்டி என்று நினைக்கலாம். ரமலான் மாதத்தில் பகல் முழுக்க நீர் இல்லாமல், சூரியன் மறைந்ததும் ஒரேயடியாகக் குடிக்கவும் முடியாத வயிறோடு இருப்பவருக்கு நோன்பைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். சிவராத்திரிக்கு மாதேஸ்வர மலைக்கு நடந்து போகிறேன் என்பவருக்கும் அப்படியே. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே ஒரு வரி போனால் போதும்.

மருந்துக் கடை இன்னொரு இடம். அதிக எடையோடு வாழ்ந்தவர்களுக்கு மூட்டு வலி பழைய துணை. கடையில் கேட்டால் டைக்ளோஃபினாக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவருக்கு அந்த வகை மாத்திரை இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கலாம், ரத்தம் கசியலாம். “எந்த மாத்திரை வாங்கினாலும் போடறதுக்கு முன்னாடி அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்க” என்ற ஒரு பழக்கம் பெரிய ஆபத்தைத் தடுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் அவசரம். அறுவை முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை அளவு இறங்கத் தொடங்கும். பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழலாம். தினமும் காலையில் குளுக்கோமீட்டர் எண்ணை அனுப்பச் சொல்வது அதற்காகத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, செய்தி அனுப்பவே கூடாத நேரங்களையும் உரக்கச் சொல்லியாக வேண்டும். இரைப்பையைத் தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவது அரிது. ஏற்பட்டால் பெரும்பாலும் முதல் சில வாரங்களில், நோயாளி வீட்டில் இருக்கும்போது தெரியவரும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சு வாங்குதல், படுத்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். காலில் ஒரு பக்கம் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு நீலக் குறி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்து. 108-ஐக் கூப்பிட வேண்டும், கிளம்ப வேண்டும். முதல் செய்தியிலேயே இது இருக்க வேண்டும், வீட்டில் இன்னொருவர் போனுக்கும் போக வேண்டும். எத்தனை மணிவரை சிஸ்டர் பதில் தருவார், இரவில் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

பதில் வராத செய்தியையும் ஓர் அடையாளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கென்யா செவிலியர் போல இரண்டு நாள் பார்த்துவிட்டு அழைக்க வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு, சொல்லச் சங்கடப்பட்டு மௌனமாக இருப்பவர்கள் உண்டு. தொடர் வாந்தியில் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், குழப்பம் வரும். உடனே ஊசி மருந்து கொடுத்தால் மீட்கலாம். தாமதித்தால் மூளையில் நிலைத்த சேதம் தங்கிவிடும்.

போன் யாருடையது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் நாட்டில் 54 சதவீதம். மற்றவர்களுக்குக் கணவனின் அல்லது மகனின் போனில்தான் செய்தி வரும். எடை அறுவைக்குப் பிறகு ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுக்குக் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அதே சமயம் எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். மாதவிடாய் தவறியதை மகன் போனில் எந்த அம்மா எழுதுவார்? பலர் ஆபரேஷன் செய்துகொண்டதையே சொந்தக்காரர்களிடம் மறைக்கிறார்கள். சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று பேசுவார்களே என்ற பயம். டிஸ்சார்ஜுக்கு முன்பே, எந்த எண்ணுக்கு, எந்த மொழியில், எழுத்தா குரலா, எந்த நேரத்தில் என்று நோயாளியைத் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவருடைய மானத்தைக் காப்பாற்றும் காரியம்.

சட்டம் இதற்கெல்லாம் இடம் கொடுத்திருக்கிறது. 2020 மார்ச் 25-இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ். வழியாக வரும் ஆலோசனையையும் முறையான ஆலோசனையாக ஏற்கின்றன. அதே டாக்டரிடம் அதே பிரச்சினைக்கு ஆறு மாதத்துக்குள் பேசினால் அது தொடர் ஆலோசனை. டாக்டர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அவசர நிலை என்றால் நேரில் பார்க்க அனுப்ப வேண்டும். ஆக, செய்தியில் சொன்ன யோசனையும் நோயாளியின் கோப்பில் ஏற வேண்டும். சிஸ்டரின் சொந்த போனிலேயே கிடந்துவிடக் கூடாது. அந்த சிஸ்டருக்கு இது தனி வேலை, வேலை நேரத்துக்குள் வரும் வேலை, சம்பளம் உள்ள வேலை என்று மருத்துவமனை ஒதுக்கித் தரவும் வேண்டும். வார்டு வேலை முடித்து, வீட்டில் சோறு வடித்துக்கொண்டே பதில் எழுதச் சொல்வது அநியாயம்.

பெரும்பாலான ஏற்பாடுகள் முதல் ஆண்டோடு நின்றுபோகின்றன. எடை மளமளவென்று குறையும் காலம் அது. நோயாளிக்கும் உற்சாகம், மருத்துவமனைக்கும் காட்டிக்கொள்ளப் படங்கள். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த ஆய்வு வேறு காலத்தைக் காட்டுகிறது. பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளில் சராசரியாக எடையில் 32 சதவீதம் இழந்தார்கள்; பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக நின்றது. பெரிய வெற்றிதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த அந்த எடை ஒவ்வொருவர் வீட்டிலும் தனிமையில், குற்ற உணர்வோடு வந்திருக்கும். ‘இவ்வளவு செலவழிச்சும் மறுபடி ஏறிடுச்சு’ என்று டாக்டர் முகத்தில் விழிக்கவே கூசி, செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். பைபாஸ் செய்தவர்களில் மதுப் பழக்கம் இரண்டாம் ஆண்டில்தான் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வு 2012-இல் சொன்னது. பி12 குறைவும் மெதுவாகத்தான் வெளிப்படும், கால் மரத்துப்போவதில் தொடங்கும்.

எனவே முதல் மாதம் தினமும், ஆறு மாதம்வரை வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, இரண்டாம் ஆண்டு முடிந்த பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நலம் விசாரிக்கும் கேள்வி போய்க்கொண்டிருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டுச் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: “அம்மா, எடை கூடியிருந்தாலும் பரவாயில்லை, தயங்காம சொல்லுங்க. இந்த வாரம் அங்கேயே லேப்ல ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, கால்சியம் பார்த்துட்டு ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க. கால் மரத்துப்போகுதா? பி12 ஊசி கடைசியா எப்ப போட்டீங்க?”